மகன் கும்பலோடு சேர்கிறானோ என்ற அச்சம்: பள்ளி ஆலோசகரைப் பார்க்கலாமா?

உட்லண்ட்ஸ் தாய்:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் உயர்நிலை 2இல் (சுமார் 14 வயது) படிக்கும் என் மகன், இரண்டு மாதங்களாகப் பள்ளி முடிந்ததும் வீட்டுக்கு வராமல், பக்கத்து அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் தன்னைவிட மூத்த பையன்களோடு இரவு ஒன்பது மணிவரை அமர்ந்திருக்கிறான். அவன் கைப்பேசியில், கும்பல்கள் தங்கள் அடையாளமாக வைத்துக்கொள்வதுபோன்ற ஒரு மூன்று இலக்க எண்ணைத் திரும்பத் திரும்பக் கண்டேன். கேட்டால், "அவர்கள் எனக்கு அண்ணன் மாதிரி" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறான். வகுப்பாசிரியர் பள்ளி ஆலோசகரைப் பார்க்கச் சொல்கிறார். என் கணவரோ, அங்கே போனால் பையனின் பெயர் காவல்துறை வரைக்கும் போய்விடும் என்று தயங்குகிறார். ஆலோசகர் உண்மையில் என்னதான் செய்வார்?

முன்னாள் ஆலோசகர்:
வணக்கம் அம்மா. பதினோர் ஆண்டுகள் இப்பணியில் இருந்தேன். உங்கள் கணவரின் தயக்கத்தைப் பல தந்தையரிடம் கண்டிருக்கிறேன். தண்டனை கட்டொழுங்கு ஆசிரியரின் பொறுப்பு. ஆலோசகரின் வேலை அதுவன்று. மாணவன் சொல்வதை எங்களோடு வைத்துக்கொள்வோம். ஆனால் அவனுக்கோ பிறருக்கோ ஆபத்து நேரும் என்று தெரிந்தாலோ, கடுமையான குற்றம் நடந்திருந்தாலோ மறைக்க இயலாது என்பதை முதல் சந்திப்பிலேயே அவனிடம் சொல்லிவிடுவோம்.

நான் கும்பலைப் பற்றி முதலில் கேட்டதே இல்லை. இடைவேளையில் யாரோடு சாப்பிடுகிறாய், வீடு திரும்பும்போது வீட்டில் யார் இருப்பார்கள், இணைப்பாட நடவடிக்கைக்குப் போவதை ஏன் நிறுத்தினாய் என்றுதான் தொடங்குவேன். ஒரு மாணவனைப் பேருந்து நிறுத்தத்தில் சிலர் தொடர்ந்து மிரட்டியபோது, மூத்த பையன் ஒருவன் வந்து நின்று அவர்களை விரட்டியிருக்கிறான். அந்த ஒரு நாள் உதவிக்கு நன்றிக்கடனாகவே அவன் அந்தக் கூட்டத்தோடு சுற்றினான் என்பது வெளிவர எனக்கு ஐந்து சந்திப்புகள் பிடித்தன. மிரட்டலைப் பள்ளி தடுத்த பிறகே அவனால் விலக முடிந்தது.

பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம் கேட்டால், "முறைத்துப் பார்த்தான்" என்பார்கள். 2010 அக்டோபரில் பாசிர் ரிஸ் டவுன்டவுன் ஈஸ்ட்டில் 19 வயது மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு உயிரிழந்ததும் அப்படியொரு பார்வையில் தொடங்கியதுதான். ஆகவே, யாரேனும் முறைத்தால் எப்படி விலகிச் செல்வது, உடனிருக்கும் நண்பர்கள் ஏளனம் செய்தால் என்ன சொல்வது என்று மாணவனோடு மீண்டும் மீண்டும் பயிற்சி செய்வோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சிறிய வேலையாகத் தோன்றலாம். எனக்கு இதைவிட முக்கியமான வேலை இருந்ததில்லை.

இளையர் நல ஊழியர்:
ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். சங்கங்கள் சட்டத்தின்படி, சட்டவிரோதச் சங்கத்தில், அதாவது இத்தகைய ரகசியக் கும்பலில், உறுப்பினராக இருப்பதே குற்றம். 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். "நான் யாரையும் அடிக்கவில்லையே" என்பது உதவாது. அதற்கு முன்பே தடுக்கத்தான் 1997இல் ஸ்திரீட்வைஸ் திட்டம் தொடங்கப்பட்டது. கும்பல் பக்கம் சாயும் இளையருக்கு ஆலோசனை தருவதோடு, அது குடும்பத்தினரையும் ஈடுபடுத்துகிறது. தமிழில் பேச விரும்பினால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவை அணுகலாம்; குடும்பச் சேவை நிலையங்களும் உதவும்.

ஜூரோங் தந்தை:
சகோதரி, நான் முதலில் மகனின் கைப்பேசியைப் பறித்தேன். அவன் இரவில் வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டான். ஆலோசகரைச் சந்திக்க எங்களுக்கு இரண்டு வாரம் காத்திருக்க நேர்ந்தது. பள்ளி முழுவதற்கும் அவர் ஒருவரே. அதனால் தள்ளிப்போடாமல் இன்றே வகுப்பாசிரியருக்கு எழுதிவிடுங்கள்.

உட்லண்ட்ஸ் தாய்:
மிக்க நன்றி. கணவரிடம் இவற்றைப் படித்துக் காட்டினேன், வருகிறேன் என்கிறார். மகனையும் முதல் நாளே அழைத்துச் செல்ல வேண்டுமா?

முன்னாள் ஆலோசகர்:
முதலில் நீங்கள் இருவர் மட்டும் செல்லுங்கள். ஆனால் போவதை அவனிடம் மறைக்காதீர்கள். அவனுக்குத் தெரியாமல் பேசியதாக நினைத்தால், பிறகு அந்த அறைக்குள் அவன் வாய் திறக்க மாட்டான்.