லோன் போடாமல் முழுப் பணம் கட்டி வீடு: குளோசிங் செலவில் எது போகும், எது நிற்கும்

எஸ்க்ரோ வேலையில் (விற்பனை முடியும்வரை பணத்தையும் தாள்களையும் நடுவில் வைத்திருந்து கணக்கு முடிப்பது) இருப்பவர்:

அமெரிக்காவில் மொத்தப் பணத்தையும் கட்டி வீடு வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "பேங்கே இல்லையே, அப்புறம் குளோசிங் செலவு எங்கிருந்து வரும்?" பாதி சரியான கேள்வி. குளோசிங் என்பது வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாள்; அன்று விலைக்கு மேல் கட்டுவதெல்லாம் குளோசிங் செலவு. பேங்குக்காக இருக்கும் வரிகளெல்லாம் பில்லிலிருந்து போய்விடும்: ஒரிஜினேஷன் (லோன் போட்டுத் தரும் கட்டணம்), அண்டர்ரைட்டிங் (லோன் தரலாமா என்று ஆராயும் கட்டணம்), பாயின்ட்ஸ் (வட்டியைக் குறைக்க முன்பே கட்டுவது), கிரெடிட் ரிப்போர்ட், பேங்கின் பெயரில் எடுக்கும் டைட்டில் பாலிசி (சொத்து உரிமையில் சிக்கல் வந்தால் ஈடுகட்டும் இன்ஷூரன்ஸ்), வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் முன்கூட்டியே கட்டிவைக்கும் ரிசர்வ். அப்ரைசலும் (வீட்டு மதிப்பீடு) கட்டாயமில்லை.

சில மாநிலங்களில் அடமானத்துக்கே தனி வரி உண்டு. அது மிச்சமாவதுதான் பெரிய லாபம். புளோரிடாவில் லோன் பத்திரத்துக்கு 100 டாலருக்கு 35 சென்ட் ஸ்டாம்ப், அதற்கு மேல் 0.2% இன்டேன்ஜிபிள் வரி. 4,00,000 டாலர் லோன் என்றால் 1,400 + 800, ஆக 2,200 டாலர். நியூயார்க் நகரத்தில் 5,00,000 டாலரும் அதற்கு மேலும் போகும் வீட்டு லோனுக்கு வாங்குபவர் கட்டும் அடமானப் பதிவு வரி 1.925%. 6,00,000 டாலருக்கு ஏறக்குறைய 11,550 டாலர். லோன் இல்லாதவருக்கு இது அப்படியே கையில் நிற்கும்.

லோன் இல்லாவிட்டாலும் பில்லில் நிற்பவை: செட்டில்மென்ட் கட்டணம் (குளோசிங்கை நடத்தித் தருவதற்கு), டைட்டில் தேடல் (சொத்தின் பழைய உரிமைப் பதிவுகளைப் பார்ப்பது), உங்கள் பெயரில் டைட்டில் பாலிசி, பத்திரப் பதிவுக் கட்டணம், டிரான்ஸ்ஃபர் வரி (சொத்து கைமாறுவதற்கான வரி), சொத்து வரிப் பங்கீடு, எச்ஓஏ (வீட்டுக்காரர்கள் சங்கம்) கட்டணங்கள். சில மாநிலங்களில் வக்கீல் கட்டணமும் சேரும். யார் எதைக் கட்டுவது என்பது பெரும்பாலும் அந்தக் கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வழக்கம்தான், சட்டமல்ல. புளோரிடாவில் பல கவுன்டிகளில் பாலிசிப் பணத்தை விற்பவர் கட்டுவார். மயாமி-டேடிலும் பிராவர்டிலும் வாங்குபவர் கட்டுவது வழக்கம். கான்ட்ராக்ட்டில் பேசி மாற்றலாம். பேச வேண்டிய நேரம் ஆஃபர் எழுதும்போது. கையெழுத்தான பிறகு பேசிப் பயனில்லை.

ரியல்டர் கட்டணத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறை மாறிவிட்டது. வீடு பார்க்கப் போகும் முன்பே வாங்குபவர் தன் ஏஜென்ட்டோடு எழுத்து ஒப்பந்தம் போட்டாக வேண்டும். விற்பவர் அந்தத் தொகையைக் கொடுக்க ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அது உங்கள் பணத்திலிருந்துதான் போகும்.

டைட்டில் தேடல் செய்பவர்:

மேலே ஒரே வரியில் போன டைட்டில் பாலிசியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். லோன் இருந்தால் பேங்க் தன் பாதுகாப்புக்காக டைட்டிலைத் தேடச் சொல்லிக் கட்டாயப்படுத்தும். முழுப் பணம் கட்டுகிறவரை அப்படிக் கட்டாயப்படுத்த யாருமில்லை. அதனால்தான் ஆயிரம், இரண்டாயிரம் டாலரை மிச்சம் பிடிக்கலாம் என்று ஓனர்ஸ் பாலிசியை (தங்கள் பெயரில் எடுக்கும் டைட்டில் பாலிசி) விட்டுவிடுகிறார்கள். விடவே கூடாது. விற்பவர் கட்டாமல் விட்ட வரி, கான்ட்ராக்டர் போட்ட லீன் (பாக்கிக்காகச் சொத்தின்மேல் பதிவாகும் உரிமை), கையெழுத்துப் போடாத பழைய வாரிசு, போலிப் பத்திரம் எல்லாம் வாங்கிய பிறகுதான் வெளியே வரும். வந்தால் முழு நஷ்டமும் உங்கள் தலையில்தான். நஷ்டத்தில் பங்கெடுக்க பேங்கும் இல்லை.

டெக்சாஸிலும் புளோரிடாவிலும் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. புளோரிடாவில் முதல் 1,00,000 டாலருக்கு ஆயிரத்துக்கு 5.75, அதற்கு மேல் 10 லட்சம் டாலர் வரை ஆயிரத்துக்கு 5. 4,00,000 டாலர் வீட்டுக்கு 575 + 1,500 = 2,075 டாலர். பிரீமியம் ஒன்றுதான் என்பதால் அங்கே பேரம் பேச வேண்டியது செட்டில்மென்ட், தேடல் கட்டணங்களில். விற்பவர் வீட்டை வாங்கிச் சில வருடங்கள்தான் ஆகின்றன என்றால் அவருடைய பழைய பாலிசியின் பிரதியைக் கேட்டு வாங்கி, ரீஇஷ்யூ ரேட் (பழைய பாலிசியை வைத்துத் தரும் குறைந்த கட்டணம்) கிடைக்குமா என்று கேளுங்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

டைட்டில் கமிட்மென்ட் (பாலிசி தருவதற்கு முன் டைட்டில் கம்பெனி அனுப்பும் தாள்) வந்ததும் பிரீமியத் தொகையைப் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். ஷெட்யூல் பி-யில் இரண்டு பகுதி. முதல் பகுதி குளோசிங்குக்கு முன் தீர்க்க வேண்டியவை: பழைய அடமானத்தை அடைப்பது, விவாகரத்து உத்தரவு, இறப்புச் சான்றிதழ் மாதிரி. இரண்டாவது பகுதி பாலிசி காக்காத விலக்குகள். பக்கத்து வீட்டுக்காரருக்கு வழி உரிமை, யுடிலிட்டி ஈஸ்மென்ட் (மின்சாரம், தண்ணீர் கம்பெனிகள் உங்கள் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை), எச்ஓஏ கட்டுப்பாடுகள் எல்லாம் இங்கேதான் இருக்கும். ஒவ்வொரு விலக்குக்கும் பக்கத்தில் ஒரு பதிவு எண் இருக்கும். அந்த ஆவணத்தையே கேட்டு வாங்கிப் படியுங்கள். பின்பக்கம் நீச்சல் குளம் கட்ட நினைக்கும் இடத்தின் குறுக்கே ஈஸ்மென்ட் ஓடுகிறதா என்பது அந்தத் தாளில்தான் தெரியும்.

இன்னொன்று: மூடப்படாத கட்டடப் பெர்மிட், பாக்கியுள்ள தண்ணீர் பில், நகராட்சி அபராதம் ஆகியவை வழக்கமான டைட்டில் தேடலில் சிக்காமல் போகலாம். புளோரிடா போன்ற இடங்களில் முனிசிபல் லீன் சர்ச் என்று தனியாக ஆர்டர் செய்ய வேண்டும். லோன் இல்லாத குளோசிங்கில் இதுதான் அடிக்கடி விட்டுப்போகிறது.

சர்வே (நில அளவை வரைபடம்): விற்பவரிடம் பழைய சர்வே இருந்தால் புதிதாக எடுக்கும் செலவு மிச்சம். டெக்சாஸில் அதற்கு டி-47 அஃபிடவிட் வேண்டும். வேலி, ஷெட், கூடுதல் அறை எதுவும் புதிதாக வரவில்லை என்று விற்பவர் உறுதி கொடுக்கும் தாள் அது. அங்கேயே அடிப்படை பிரீமியத்தில் 5% கூடுதலாகக் கட்டினால் எல்லைத் தகராறுக்கும் பாலிசி பொருந்தும். வேலி நகர்ந்திருக்கும் பழைய ஏரியா என்றால் அந்த 5% கட்டாயம் கட்ட வேண்டிய காசு.

நியூயார்க் பக்கத்தில் இருப்பவர்:

டிரான்ஸ்ஃபர் வரி பற்றி மட்டும் சுருக்கமாக. டெக்சாஸில் அந்த வரியே கிடையாது. பென்சில்வேனியாவில் மாநிலத்துக்கு 1%, உள்ளூருக்குப் பெரும்பாலும் 1%; இரண்டு தரப்பும் பாதிப் பாதி கட்டுவது வழக்கம். நியூயார்க்கில் 10 லட்சம் டாலரைத் தொட்டாலே மேன்ஷன் வரி, அதுவும் வாங்குபவர் தலையில். 9,99,999 டாலருக்கு வாங்கினால் வரி இல்லை. 10,00,000 ஆனால் முழு விலைக்கும் 1%, அதாவது 10,000 டாலர். நியூயார்க் நகரத்தில் விலை ஏற ஏற விகிதமும் ஏறும். எல்லைக்குப் பக்கத்தில் விலை பேசுகிறவர்கள் ஒரு டாலரையும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

வரிக் கணக்குப் பார்ப்பவர்:

செட்டில்மென்ட் தாளில் (குளோசிங் கணக்குத் தாள்) புதியவர்களைக் குழப்புவது சொத்து வரிப் பங்கீடு. டெக்சாஸ், புளோரிடா இரண்டிலும் அந்த வருட வரி வருடக் கடைசியில்தான் கட்டுவது. ஆகவே ஜனவரி 1 முதல் குளோசிங் வரையுள்ள பங்கை விற்பவர் உங்களுக்குக் கிரெடிட்டாகக் கொடுக்க வேண்டும். வருட வரி 7,300 டாலர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 20. ஜூலை 1 குளோசிங் என்றால் 181 நாள், 3,620 டாலர் உங்கள் பக்கம் கழிய வேண்டும். இந்தப் பணம் லாபமில்லை. வருடக் கடைசியில் முழு 7,300-ஐயும் கட்டப்போவது நீங்கள்தான். லோன் இல்லாததால் பேங்க் கட்டாது, பில் நேரே உங்கள் முகவரிக்கு வரும். கவுன்டி தளத்தில் அஞ்சல் முகவரி மாறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பில் வரவில்லை என்பதற்காக அபராதத்தைத் தள்ளுபடி செய்யமாட்டார்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். இந்தப் பங்கீடு விற்பவரின் வரியை வைத்துப் போடப்படுகிறது. புளோரிடாவில் பல வருடம் குடியிருந்தவருக்கு மதிப்பீடு வருடத்துக்கு 3%-க்கு மேல் ஏறியிருக்காது. விற்ற பிறகு அடுத்த ஜனவரி 1 அன்று அந்தச் சலுகை போய், சந்தை மதிப்புக்கு வரி போடுவார்கள். உங்கள் ஹோம்ஸ்டெட் (குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான வரிச் சலுகை) விண்ணப்பத்துக்கு மார்ச் 1 கடைசி நாள். கலிபோர்னியாவில் வாங்கிய விலைக்கு மறுமதிப்பீடு செய்து சப்ளிமென்டல் பில் தனியாக வரும், சில மாதம் கழித்துக்கூட. வாங்கும் முன் உங்கள் விலையை வைத்து வரியை நீங்களே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் துறையிலிருந்து:

லோன் இல்லாதவருக்கு வீட்டு இன்ஷூரன்ஸ் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் சாவி கைக்கு வரும் நாளிலேயே பாலிசி தொடங்கியிருக்க வேண்டும். வெள்ள இன்ஷூரன்ஸில் மறைவான ஒரு சிக்கல் இருக்கிறது. அரசின் என்எஃப்ஐபி (தேசிய வெள்ள இன்ஷூரன்ஸ் திட்டம்) பாலிசிக்கு 30 நாள் காத்திருப்பு. லோன் சம்பந்தப்பட்ட குளோசிங்குக்கு அந்த 30 நாள் கிடையாது. முழுப் பணம் கட்டுகிறவருக்கு உண்டு. புயல் பருவத்தில் குளோசிங் வைத்தால் முதல் ஒரு மாதம் பாதுகாப்பே இல்லாமல் போகலாம். தீர்வு இரண்டு: விற்பவரிடம் ஏற்கெனவே என்எஃப்ஐபி பாலிசி இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது குளோசிங் தேதிக்கு ஒரு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். அந்த இடம் எந்த வெள்ள மண்டலம் என்று ஃபெமா (அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) வரைபடத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

பணப் பரிமாற்றம் பற்றி, எஸ்க்ரோக்காரர் மறுபடியும்:

ஷேர் விற்றுப் பணம் எடுப்பவர்களுக்கு: விற்ற மறு வேலை நாளில் செட்டில் ஆகும். அதன் பிறகு புரோக்கரேஜிலிருந்து பேங்குக்கு, பேங்கிலிருந்து வயர் (பேங்க் மூலம் நேரடியாகப் பணம் அனுப்புவது). ஆன்லைன் வயருக்குப் பல பேங்குகளில் தினசரி உச்சவரம்பு இருக்கும். பெரிய தொகைக்குக் கிளைக்கு நேரில் போக வேண்டி வரலாம். குளோசிங்குக்கு முந்தின நாளே அனுப்பிவிடுங்கள்.

வயர் விவரம் மின்னஞ்சலில் வந்தால் அதிலிருக்கும் எண்ணுக்குப் போன் செய்து சரிபார்க்காதீர்கள். கான்ட்ராக்ட் போட்ட நாளிலேயே டைட்டில் கம்பெனியின் எண்ணை நீங்களே தேடி எழுதி வைத்து, அந்த எண்ணில் கூப்பிட்டு, கணக்கு எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். "கணக்கு மாறிவிட்டது" என்று கடைசி நேரத்தில் வரும் மெயில் மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தவறான கணக்குக்குப் போன வயரைத் திரும்பப் பெறுவது மிக அரிது. சந்தேகம் வந்த அந்த நிமிடமே பேங்கைக் கூப்பிட வேண்டும்.

ஊரிலிருந்து அப்பா, அம்மா பணம் அனுப்பினால்: இந்தியாவில் வசிப்பவருக்கு எல்ஆர்எஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ரிசர்வ் வங்கித் திட்டம்) வரம்பு ஆளுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். ஏப்ரலில் புது நிதியாண்டு தொடங்குவதால் மார்ச்சில் ஒரு பகுதியும் ஏப்ரலில் ஒரு பகுதியும் அனுப்ப வழியுண்டு. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20% டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். அது அவர்களின் வரிக் கணக்கில் வரவாகும், ஆனால் அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டும். பணத்தை முதலில் உங்கள் கணக்குக்கு வரவழைத்து, அங்கிருந்தே வயர் அனுப்புங்கள். மூன்றாவது ஆளின் கணக்கிலிருந்து வந்தால் பல டைட்டில் கம்பெனிகள் திருப்பிவிடும்.

வரிக் கணக்குப் பார்ப்பவர்:

அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது: வெளிநாட்டிலிருப்பவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் 1,00,000 டாலருக்கு மேல் அன்பளிப்பு வந்தால் ஃபார்ம் 3520 தாக்கல் செய்ய வேண்டும். வரி கிடையாது. ஆனால் தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் மாதத்துக்கு 5%, 25% வரை போகும்.

விற்பவர் வெளிநாட்டவர் என்றால் ஃபிர்ப்டா (வெளிநாட்டவர் சொத்து விற்பனைக்கான அமெரிக்க வரிச் சட்டம்) விதி வரும். விலையில் 15% பிடித்து ஐஆர்எஸ்-க்கு (அமெரிக்க வருமான வரித் துறை) கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது, 20 நாளுக்குள், ஃபார்ம் 8288-இல். நீங்களே குடியிருக்கப்போகும் வீடாகவும் விலை 3,00,000 டாலருக்குள்ளும் இருந்தால் பிடிக்க வேண்டாம். அதே மாதிரி குடியிருக்கும் வீட்டுக்கு, அதற்கு மேல் 10 லட்சம் டாலர் வரை 10%. விற்பவர் வெளிநாட்டவர் இல்லை என்றால் அதற்கான சான்றிதழில் அவர் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு இல்லாதவரெல்லாம் வெளிநாட்டவர் ஆகிவிடமாட்டார். வரிக் கணக்கில் ரெசிடென்ட்டா என்பதுதான் கேள்வி.

செட்டில்மென்ட் தாள் பற்றி ஒன்று. லோன் இருந்தால் குளோசிங் டிஸ்க்ளோஷர் (இறுதிச் செலவுக் கணக்கு) மூன்று வேலை நாள் முன்பே வந்தாக வேண்டும். முழுப் பணத்துக்கு அந்த விதி இல்லை. முந்தின இரவு அனுப்பினாலும் கேட்க முடியாது. அதனால் வரைவை மூன்று நாள் முன்பே தரும்படி மெயிலில் கேட்டு வாங்குங்கள். இறுதித் தாளைப் பத்திரமாக வையுங்கள். டைட்டில் பாலிசி, பதிவு, வக்கீல், சர்வே, நீங்கள் கட்டிய டிரான்ஸ்ஃபர் வரி எல்லாம் வீட்டின் அடக்க விலையில் சேரும். பின்னாளில் விற்கும்போது லாபத்திலிருந்து கழியும். இன்ஷூரன்ஸும் எச்ஓஏ மாதக் கட்டணமும் சேராது. வாங்கி ஆறு மாதத்துக்குள் அந்தப் பணத்தை லோனாகத் திருப்பி எடுக்க நினைத்தாலும், அடமானம் இல்லாமல் வாங்கியதற்குச் சாட்சியாகப் பேங்க் முதலில் கேட்பது இதே தாளைத்தான்.