ரேம் ஏறிக்கொண்டே போகிறது: யார் பிடித்து வைத்திருப்பது? – அனுபவப் பகிர்வு

காலையில் கணினியைப் போட்டதும் 8 ஜிபியில் 3 ஜிபி, மதியம் 5, மறுநாள் 7. இப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கு உடனே கிடைக்கிற பதில் "ரேம் கிளீனர் போடுங்க". தயவுசெய்து வேண்டாம். அந்த மென்பொருள்கள் பெரும்பாலும் செய்வது ஒரே வேலைதான்: ஓடுகிற நிரல்களின் பக்கங்களை (நினைவகத் துண்டுகளை) எல்லாம் ரேமிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியே தள்ளுவது. டாஸ்க் மேனேஜரில் எண் சட்டென்று இறங்கும். கொஞ்ச நேரத்தில் அதே நிரல்கள் அதே பக்கங்களைத் திரும்பக் கேட்கும். சில பேஜ்ஃபைலுக்கே (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்கில் வைத்திருக்கும் கோப்பு) போயிருக்கும், டிஸ்கிலிருந்து படித்து வர வேண்டும். கணினி இன்னும் மெதுவாகும். கசிவு, அதாவது எடுத்த நினைவகத்தை நிரல் திருப்பித் தராமலே விடுவது, இருந்தால் அது அப்படியேதான் இருக்கும்.

எண் எவ்வளவு உயரம் என்று பார்த்துப் பயனில்லை. ஓரிடத்தில் போய் நிற்கிறதா என்று பாருங்கள். கேஷ் (திரும்பத் தேவைப்படும் என்று எடுத்து வைத்த தரவு) ஒரு மட்டத்தில் நிற்கும், வேறு நிரல் கேட்டால் விட்டுக்கொடுக்கும். கசிவு நிற்காது. சந்தேகப்படும் நிரலில் ஒரே வேலையை, உதாரணமாக ஒரு கோப்பைத் திறந்து மூடுவதை, 20 முறை செய்யுங்கள். முதல் நான்கைந்து முறை ஏறினால் பயப்பட வேண்டாம். ஃபாண்ட், லைப்ரரி, உள் கேஷ் எல்லாம் அப்போதுதான் ஏறும். அதன் பிறகும் ஒவ்வொரு முறைக்கும் ஏறக்குறைய ஒரே அளவு கூடிக்கொண்டே போனால் அது கசிவுதான்.

இதைப் பார்க்க டாஸ்க் மேனேஜரில் வழக்கமாகத் தெரியும் மெமரி பத்தி போதாது. டீட்டெயில்ஸ் பகுதிக்குப் போய், பத்தித் தலைப்பில் வலது கிளிக் செய்து, கமிட் சைஸ் (ரேமிலும் பேஜ்ஃபைலிலும் நிரலுக்கென ஒதுக்கிய மொத்தம்), ஹேண்டில்ஸ் (நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பு போன்றவற்றின் எண்ணிக்கை), ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் (திரையில் வரையப் பயன்படும் பொருள்கள்) மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கசிந்த நினைவகத்தை நிரல் திரும்பத் தொடுவதே இல்லை, அதனால் விண்டோஸ் அதை பேஜ்ஃபைலுக்கு அனுப்பிவிடும். மெமரி பத்தியில் நிரல் சாதுவாகத் தெரியும், கமிட் சைஸில் மாட்டிக்கொள்ளும். ஜிடிஐ எண்ணுக்கு ஒரு நிரலுக்கு 10,000 என்பது இயல்பான உச்சவரம்பு. அதைத் தொட்டால் மெனு வரையாமல் நிற்கும், பொத்தான்கள் கறுப்பாகும். ரேம் தாராளமாக இருக்கும்போதே இது நடக்கும்.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று. எல்லா நிரல்களின் கணக்கையும் கூட்டினால் 4 ஜிபிதான் வருகிறது, ஆனால் மொத்தப் பயன்பாடு 9 ஜிபி என்று காட்டுகிறது என்றால் டீட்டெயில்ஸ் பகுதியில் எவ்வளவு தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய் கீழே நான்-பேஜ்டு பூல் எண்ணைப் பாருங்கள். விண்டோஸின் மையப் பகுதியான கர்னலும் டிரைவர்களும் எடுத்துக்கொள்ளும், டிஸ்குக்கு அனுப்ப முடியாத நினைவகம் அது. சாதாரண வீட்டுக் கணினியில் அது சில நூறு எம்பிக்குள் அடங்கும். 2, 3 ஜிபி என்று நின்று, இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு டிரைவர் கசிகிறது. நெட்வொர்க் கார்டு டிரைவர், ஆன்டிவைரஸ், விபிஎன், இந்த மூன்றில் முதலில் தேடுவது நல்லது. ஒவ்வொரு பாக்கெட்டும் ஒவ்வொரு கோப்பும் இவற்றின் வழியாகத்தான் போகிறது, ஒரு முறைக்கு நூறு பைட் விட்டாலும் நாள் முடிவில் தெரியும்.

கையும் களவுமாகப் பிடிக்க பூல்மான் என்ற கருவி வேண்டும். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் டிரைவர் கிட்டோடு இலவசமாக வருகிறது. நிர்வாகி உரிமையோடு ஓட்டி, நான்-பேஜ்டு மட்டும் காட்டச் சொல்லி, பைட் வாரியாக வரிசைப்படுத்துங்கள். இடது ஓரத்தில் நான்கு எழுத்தில் ஒரு குறி இருக்கும், அதுதான் பூல் டேக். ஒதுக்கியது, விடுவித்தது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என மூன்று பத்திகள். நல்ல டிரைவரில் முதல் இரண்டும் சேர்ந்தே ஓடும், வித்தியாசம் மேலும் கீழும் ஆடும். கசிகிற டிரைவரில் வித்தியாசம் ஒரு தடவையும் இறங்காது. அந்த நான்கு எழுத்தை சிஸ்டம்32-க்குள் இருக்கும் டிரைவர்ஸ் ஃபோல்டரில் ஃபைண்ட்ஸ்டர் கட்டளை கொண்டு தேடினால், எந்த டிரைவர் கோப்புக்குள் அது இருக்கிறது என்று பெரும்பாலும் பெயரோடு வந்துவிடும். அந்த டிரைவரைப் புதுப்பியுங்கள். புதிய பதிப்பிலும் கசிந்தால் பழையதற்குத் திரும்புங்கள்.

பூலும் சரியாக இருந்தால் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்றான ரேம்மேப்பைப் போடுங்கள், ரேம் எதற்கெல்லாம் போகிறது என்று வகைவாரியாகக் காட்டும். அதில் டிரைவர் லாக்டு வரி பெரிதாக இருந்தால் பெரும்பாலும் மெய்நிகர் கணினி ஏதோ பின்னணியில் ஓடுகிறது. மெட்டாஃபைல் (கோப்புகளைப் பற்றிய விவரங்கள்) பெரிதென்றால் பல லட்சம் கோப்புகளை யாரோ துழாவியிருக்கிறார்கள். பேக்கப்பும் இன்டெக்ஸிங்கும் வழக்கமான காரணம்.

* * *

"தினமும் ஷட்டவுன் பண்றேன், ஆனாலும் காலையிலேயே ரேம் நிறைஞ்சிருக்கு" என்று கேட்பவர்களுக்கு. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் நிரல்கள் மூடப்படும், ஆனால் கர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் உறையவைக்கப்படும். மறுநாள் அதே நிலையில் எழுந்து வரும், கசிந்த பூலும் கூடவே வரும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் அப் டைம் எத்தனை நாள் என்று பாருங்கள். நேற்று அணைத்த கணினி 12 நாளாக ஓடுவதாகக் காட்டும். ரீஸ்டார்ட் கொடுத்தால் இந்தப் பிரச்சினை இல்லை, அது முழுசாக இறக்கி ஏற்றும். நிரந்தரமாக வேண்டுமென்றால் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம். அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி உள்ள கணினியில் பூட் நேரம் சில விநாடிதான் கூடும்.

இன்னொன்று: ரேம் மிச்சம் இருக்கும்போதே நினைவகம் போதவில்லை என்று நிரல்கள் விழுந்தால் கமிட் எண்ணைப் பாருங்கள். ரேமும் பேஜ்ஃபைலும் சேர்ந்ததுதான் அதன் உச்சவரம்பு. பேஜ்ஃபைலை "வேகம் கூடும்" என்று அணைத்து வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஈவென்ட் வியூவரில் 2004 என்ற எண்ணில் ரிசோர்ஸ் எக்ஸாஸ்ஷன் பதிவு இருக்கும். அதிகம் தின்ற மூன்று நிரல்களின் பெயரை பைட் கணக்கோடு அதுவே எழுதி வைத்திருக்கும்.

* * *

பிரவுசர் பற்றி. குரோமில் ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் அதற்கென்றே ஒரு டாஸ்க் மேனேஜர் வரும், எந்தத் தாவல், எந்த நீட்சி என்று தனித்தனியாகக் காட்டும். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் அபவுட்:மெமரி. அங்கே மினிமைஸ் பொத்தானை அழுத்திய பிறகும் இறங்காததுதான் உண்மையில் பிடித்து வைக்கப்பட்டது. இறங்கியது குப்பை, எப்படியும் போயிருக்கும்.

வலைப்பக்கம் எழுதுகிறவர்களுக்கு: குப்பை சேகரிப்பான் (பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் பகுதி) இருக்கும் மொழியில் கசிவே வராது என்ற நம்பிக்கை தவறு. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பொருளை யாராவது இன்னும் சுட்டுகிறார்களா என்பது மட்டும்தான். ஒரு பெட்டியைத் திறக்கும்போது ஒரு டைமரைப் போட்டு, மூடும்போது பெட்டியை மட்டும் நீக்கிவிட்டு டைமரை விட்டுவிட்டால், டைமர் அந்தப் பெட்டியைச் சுட்டிக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள் இருந்த படம், அட்டவணை எல்லாம் அதோடு தொங்கும். டெவ் டூல்ஸில் மெமரி பகுதியில் ஒரு ஹீப் ஸ்னாப்ஷாட் (நிரலின் பொருள்கள் இருக்கும் நினைவகத்தின் படம்) எடுங்கள், பெட்டியை 10 முறை திறந்து மூடுங்கள், இன்னொன்று எடுங்கள். இரண்டாவதை முதலாவதோடு ஒப்பிட்டு, டிட்டாச்டு (பக்கத்திலிருந்து நீக்கியும் நினைவகத்தில் நிற்பவை) என்று தேடுங்கள். சரியாக 10 அல்லது அதன் மடங்கில் ஏதாவது நின்றால் அதைத் திறந்து, கீழே ரிட்டெய்னர்ஸ் (அதை யார் சுட்டுகிறார்கள் என்ற) சங்கிலியைப் பின்தொடருங்கள். அது போய் முடியும் இடத்தில் டைமரோ, கிளிக் போன்ற நிகழ்வுக்குக் காத்திருக்கும் லிசனரோ உட்கார்ந்திருக்கும். 7 முறை, 11 முறை என்று பகா எண்ணாக வைத்துக்கொண்டால் தற்செயலான எண்களோடு குழம்பாது.

* * *

சின்னக் கசிவு என்ன செய்யும் என்பதற்கு லண்டன் ஆம்புலன்ஸ் சேவையைச் சொல்லலாம். 1992 அக்டோபரில் வண்டிகளை அனுப்பும் புது மென்பொருள் வந்தது. நவம்பர் 4 அதிகாலை அது மெதுவாகி உறைந்துபோனது. விசாரணையில் தெரிந்தது: நிரலர் விட்டுவிட்டுப் போன ஒரு துண்டு நிரல், ஒவ்வொரு வண்டியை அனுப்பும்போதும் கோப்பு சர்வரில் கொஞ்சம் நினைவகத்தை எடுத்து, திருப்பித் தராமலே இருந்தது. சுமார் மூன்று வாரத்தில் மொத்தமும் தீர்ந்துவிட்டது. அரை நாள் சோதனையில் இது அகப்பட்டிருக்காது. நீண்ட நேரம் ஓட்டிப் பார்க்கும் சோதனையைத் தனியாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

* * *

லினக்ஸ் சர்வர்காரர்களுக்குச் சில. ஃப்ரீ கட்டளையில் ஃப்ரீ பத்தியைப் பார்த்துப் பதற வேண்டாம். நிரல்களுக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்று காட்டும் அவைலபிள் பத்திதான் கணக்கு. அது இறங்கினால்தான் கவலை.

நிரல்களின் கூட்டு குறைவு, அவைலபிளும் குறைவு என்றால் மூன்று இடம் பாருங்கள். ஒன்று, ஷேர்டு பத்தி: டிஎம்பிஎஃப்எஸ்-இல் (ரேமிலேயே இருக்கும் கோப்பு முறைமை) கிடக்கும் கோப்புகள் ரேமைத்தான் தின்னும், இயல்பாகப் பாதி ரேம் வரை போகலாம். அழித்த பிறகும் ஏதாவது நிரல் திறந்து வைத்திருந்தால் இடம் திரும்பாது. இரண்டு, கர்னலின் நினைவகத்தைக் காட்டும் ஸ்லாப்டாப் கட்டளை: டென்ட்ரி (கோப்புப் பெயர்களின் கேஷ்) ஏறியிருந்தால் விடுங்கள், தேவைப்பட்டால் கர்னலே விடும்; மெம்இன்ஃபோ கோப்பில் எஸ்அன்ரிக்ளெய்ம் (கர்னலால் விட்டுக்கொடுக்க முடியாதது) ஏறினால் கர்னல் பக்கக் கசிவு. மூன்று, இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை இருந்தால் அதன் ஆர்க் கேஷ்; இது பஃப்/கேஷ் பத்தியில் வராது, யூஸ்டில் வரும், அதனால் நிறைய பேர் கசிவு என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒரே நேரத்தில் பல த்ரெட் (செயல் இழை) ஓடும் நிரலில் நினைவகம் ஏறி, கசிவுக் கருவிகள் எல்லாம் சுத்தம் என்று சொன்னால் சந்தேகம் ஜிலிப்சி (நிரல்களுக்கு நினைவகம் ஒதுக்கித் தரும் லினக்ஸ் லைப்ரரி) மேல் போக வேண்டும். 64 பிட்டில் ஒரு கோருக்கு 8 அரீனா (தனித்தனி நினைவகத் தொகுதி) வரை அது உருவாக்கும். 16 கோர் என்றால் 128. ஒவ்வொன்றிலும் ஆங்காங்கே துண்டு துண்டாகக் காலியிடம், ஆனால் நடுவில் ஒரு சின்னப் பொருள் உயிரோடு இருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பித் தர முடியாது. மேலாக் அரீனா மேக்ஸ் சூழல் மாறியை 2 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். அதில் எண் ஒரு மட்டத்தில் நின்றால் காரணம் துண்டாதல். ஜெமேலாக் என்ற மாற்று நினைவக ஒதுக்கியைப் போட்டுப் பார்ப்பது அடுத்த படி.

ஜாவா என்றால் வரைபடம் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குவது சரிதான். முழு குப்பைச் சேகரிப்புக்குப் பிறகு வரும் அடிமட்டங்களை மட்டும் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோடு ஏறினால்தான் கசிவு.

* * *

"ராத்திரி ஒரு ரீஸ்டார்ட் வெச்சிடலாமே" என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், தவறில்லை. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யில் சேவைக்கு மெமரிமேக்ஸ் வரம்பு கொடுத்து, விழுந்தால் தானே எழும்படி ரீஸ்டார்ட் அமைப்பையும் போட்டுவிடுங்கள். ஒரு சேவை விழுந்தாலும் மற்றவை தப்பிக்கும். ஆனால் ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் ஹீப் டம்ப் (ஹீப்பின் முழு நகல்) ஒன்றை எடுத்து வைக்கும்படி ஸ்கிரிப்டில் சேருங்கள். டம்ப் ஏறக்குறைய ஹீப் அளவுக்கே வரும், 6 ஜிபி ஹீப் என்றால் டிஸ்கிலும் அவ்வளவு வேண்டும், அதை டிஎம்பிஎஃப்எஸ்-இல் எழுதிவிடாதீர்கள்.