பாட்டை வெட்டாதீர்கள், பனியைக் கொட்டாதீர்கள்: பழைய சீன நாடகத்தைத் தழுவும் கோடைப் பட்டறைக்கு

கேட்டவர்

பத்து நாள் கோடைப் பட்டறை. பன்னிரண்டு பேர், ஒரு மரத்தளக் கூடம். பழைய சீன நாடகம் ஒன்றை எடுத்து, கடைசி நாளில் இருபத்தைந்து நிமிடத் தழுவலாக மேடையேற்ற வேண்டும். இத்தகைய பட்டறைகளில் வேலை செய்தவர்கள் எதிர்கொண்டதை எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், செய்முறை போதும்.

பிரதி பார்ப்பவர்

குவான் ஹான்சிங் எழுதிய "தோவேயின் அநீதி"யை எடுங்கள். யுவான் அரசகாலத்து (13–14ஆம் நூற்றாண்டு) ட்சாஜு வகை, அதாவது பாட்டும் பேச்சும் கலந்த நாடகம். செய்யாத கொலைக்குத் தண்டனை பெற்றுச் சாகும் தோவே என்ற இளம் விதவையின் கதை. நான்கு அங்கம், முன்னால் "ஆப்பு" எனப்படும் ஒரு சிறு காட்சி. பத்து நாளுக்கு இதைவிடப் பெரியது தாங்காது. தாங் ஷியான்ட்சுவின் "பியோனி மண்டபம்" (1598) அழகில் குறைந்ததல்ல. ஆனால் அதற்கு 55 காட்சிகள். எதை எடுப்பது என்று பேசுவதிலேயே மூன்று நாள் போய்விடும்.

முதல் நாள் நடிக்க வேண்டாம், படியுங்கள். ட்சாஜு பிரதியில் மூன்று பொருள்கள் கலந்திருக்கும்: பாட்டு, பேச்சு, செய்கைக் குறிப்பு. மூன்று நிறப் பென்சிலால் மூன்றையும் பிரித்துக் கோடிடுங்கள். கோடிட்ட பிறகுதான் ஒன்று கண்ணில் படும்: நான்கு அங்கத்துப் பாட்டும் ஒரே ஆளிடம் இருக்கிறது. ட்சாஜுவில் முதன்மை நடிகர் ஒருவர்தான் பாடுவார், மற்றவர்கள் பேசுவார்கள். இந்த நாடகத்தில் நான்கு அங்கத்திலும் பாடுவது தோவே. ஒவ்வோர் அங்கத்துக்கும் ஒரு பண், வரியிறுதியில் ஒரே இயைபு. அவளைக் கொலைக்களத்துக்கு இழுத்துப்போகும் மூன்றாம் அங்கத்தில் மட்டும் பத்துப் பாட்டு.

பெரும்பாலான தழுவல்கள் சறுக்குவது இங்கேதான். "இன்றைய பார்வையாளருக்குப் பாட்டு எதற்கு" என்று பாட்டின் சாரத்தை உரையாடலாக மாற்றிவிடுவார்கள். இருபது நிமிடக் காட்சி ஆறேழு நிமிடத்தில் முடிந்துபோகும். பேச்சில் கதை நகரும், பாட்டில் கதை நின்றுவிடும். அப்படி நின்ற இடத்தில்தான் தோவே வானத்தையும் பூமியையும் குற்றம் சாட்டுகிறாள். அந்த நேரம் இல்லாவிட்டால் அவளுடைய மூன்று சபதங்களும் (மேலேறும் ரத்தம், கோடைப் பனி, மூன்றாண்டு வறட்சி) வெறும் மந்திர வித்தையாகத் தெரியும்.

பாடத் தெரிந்தவர் இல்லையென்றாலும் பாட்டின் இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். தாளத்தோடு சொல்லலாம். ஒருவர் சொல்ல ஒருவர் ஆடலாம். பத்துப் பாட்டில் நான்கை வைத்துக்கொண்டு ஆறை முழுதாக எடுத்துவிடலாம். பத்தையும் அரைகுறையாக நறுக்குவதைவிட அது மேல். எழுத்தாளர் பாய் ஷியான்யோங் 2004இல் பியோனி மண்டபத்தைக் குன்ச்சு எனும் பழைய இசைநாடக மேடைக்குக் கொண்டுவந்தபோது "நீக்கலாம், மாற்றி எழுதக் கூடாது" என்பதே விதி. 55 காட்சி 27 ஆயிற்று. அப்படியும் மூன்று இரவு, ஒன்பது மணி நேரம்.

இன்னொன்று. பாத்திரம் மேடைக்கு வந்ததும் நாலு வரிச் செய்யுள் சொல்லித் தன் பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் பார்வையாளரிடம் சொல்லும். பழக்கமில்லாதவர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். வெட்டாதீர்கள். இரண்டாம் அங்கத்தில் விசாரிக்க வரும் அதிகாரி, காசு வாங்குவதைத் தன் செய்யுளிலேயே சொல்லிவிட்டு, வழக்கு கொண்டுவந்தவன் முன்னால் தானே மண்டியிடுகிறான். கேட்டால், "வழக்கோடு வருபவர்கள்தான் எனக்குச் சோறும் துணியும் தரும் தாய் தந்தையர்" என்கிறான். லஞ்சத்தைப் பற்றி வேறு காட்சி எழுத வேண்டியதே இல்லை.

மேலே சொன்னதற்கு ஒரு சேர்க்கை

"ஜாவோவின் அநாதை"யை (குலமே கொல்லப்பட, தப்பவைக்கப்பட்ட குழந்தை வளர்ந்து பழிவாங்கும் இன்னொரு ட்சாஜு) எடுக்க நினைப்பவர்கள் யார் பாடுகிறார்கள் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பாடும் முதன்மை நடிகர் ஒருவர்தான், அங்கத்துக்கு அங்கம் அவர் வேடம் மாறும். முதல் அங்கத்தில் தளபதி ஹான் ஜுவே, இரண்டிலும் மூன்றிலும் முதியவர் கோங்சுன் சூஜியு, அதன் பிறகு வளர்ந்துவிட்ட அநாதை. தன் சொந்தக் குழந்தையைச் சாகக் கொடுக்கும் வைத்தியர் செங் யிங்குக்கு ஒரு பாட்டுகூடக் கிடையாது. இன்றைய தழுவல்கள் செங் யிங்கைத்தான் நடுவில் நிறுத்துகின்றன. அப்படிச் செய்தால் அவருடைய உள்மனம் முழுவதையும் நீங்களே எழுதியாக வேண்டும். மூலத்தில் தேடினால் கிடைக்காது. பத்து நாளில் அது பெரிய வேலை.

எந்தப் பிரதி என்பதையும் கவனியுங்கள். யுவான் காலப் பதிப்பில் நான்கு அங்கம், அதுவும் ஏறக்குறைய பாட்டுகள் மட்டும். அடுத்து வந்த மிங் அரசகாலத்தில் ட்சாங் மாவ்ஷுன் தொகுத்த பதிப்பில் ஐந்தாவது அங்கம் வருகிறது, பழிவாங்கல் அதில்தான் மேடையில் நடந்து முடிகிறது. முடிவைப் பற்றிக் குழுவுக்குள் சண்டை வந்தால், இருவர் கையிலும் வெவ்வேறு பிரதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்த அநாதை நாடகம் ஐரோப்பாவுக்குப் போன கதையும் இதே பாடம்தான். பிரெமார் பாதிரியாரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1735இல் அச்சானபோது பாட்டுகளில் பெரும்பகுதி அதில் இல்லை. அதைப் படித்துத்தான் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் 1755இல் தன் தழுவலை மேடையேற்றினார். பாட்டில்லாத சீன நாடகம்தான் அங்கே முதலில் போய்ச் சேர்ந்தது.

உடல் பயிற்சி தருபவர்

முதல் மூன்று நாள் காலையில் ஒரு மணி நேரம் நடை மட்டும். முழங்கால் லேசாக மடங்க, குதிகாலிலிருந்து விரல்நுனி வரை பாதத்தை உருட்டிச் சின்னச் சின்ன அடியாக மேடையைச் சுற்றி வரும் நடை. இடுப்புக்கு மேலே எதுவும் குலுங்கக் கூடாது. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தாளை இடுக்கிக்கொண்டு நடந்தால் பிழை உடனே தெரியும்: தாள் விழுந்தால் அடி நீளம். மேடையை ஒரு சுற்றுச் சுற்றினால் ஊர் விட்டு ஊர் வந்தாயிற்று என்று பொருள். அதனால் காட்சி மாற்ற விளக்கணைப்பு தேவைப்படாது. தடித்த ரப்பர் அடிச் செருப்போடு இந்த நடை வராது. மெல்லிய அடியுள்ள துணிச் செருப்பு வேண்டும். சிமெண்டுத் தரையில் மூன்றாம் நாளே கெண்டைக்கால் முன்னெலும்பு வலிக்கத் தொடங்கும், மரத்தளம் இருப்பது உங்களுக்கு நல்லது.

சட்டைக் கையின் நுனியில் தொங்கும் வெள்ளைத் துணிக்கு "நீர்க்கை" என்று பெயர். பயிற்சிக்கு ஒரு மீட்டர் நீளம் போதும், அடிப்பக்கத் தையலைத் திறந்தே விடுங்கள். மெல்லிய பட்டு சிறந்தது. பருத்தி வியர்வையில் கனத்துத் தொங்கும். வழுவழுப்பான செயற்கைத் துணி மணிக்கட்டில் நிற்காமல் வழியும். எல்லோரும் செய்யும் தவறு, தோளிலிருந்து வீசுவது. முழங்கை நின்று மணிக்கட்டு உதற வேண்டும். வீசுவது ஒரு நாளில் வந்துவிடும். விரல்களை உதறி உதறித் துணியை மூன்று நான்கு மடிப்பாக மணிக்கட்டுக்கு மேல் திரும்பச் சேர்ப்பதற்குத்தான் ஒரு வாரம் ஆகும். சேர்க்கத் தெரியாதவர் துணியைக் கீழே பார்த்துக்கொண்டே நடிப்பார்.

இன்றைய உடையில்தான் நடிக்கப் போகிறீர்கள் என்றாலும் இந்தப் பயிற்சியை விடாதீர்கள். நீர்க்கையோடு ஒரு வாரம் பழகியவருக்கு, அதைக் கழற்றிய பிறகும் கையை எங்கே வைப்பது என்ற குழப்பம் இருக்காது.

தாளம்

யுவான் காலத்து இசை அப்படியே நம்மிடம் வந்து சேரவில்லை. "மூல இசையில் அமைத்தோம்" என்று அறிவிப்பில் எழுதாதீர்கள். ஷான்சி மாகாணத்தில் குவாங்ஷெங் கோயிலின் 1324ஆம் ஆண்டுச் சுவரோவியத்தில் ஒரு ட்சாஜு குழு நிற்கிறது. அதில் முரசு, புல்லாங்குழல், தாளப்பலகை தெரிகின்றன. சிறு குழுவுக்கு இந்த மூன்றுமே போதும்.

பெய்ஜிங் ஓபரா முறையில் போவதானால் நான்கு பேர் வேண்டும்: சிறுமுரசும் தாளப்பலகையும் ஒருவர், பெரிய மணித்தட்டு, சிறிய மணித்தட்டு, சல்லரி (ஒன்றோடொன்று தட்டும் இரட்டைத் தட்டு). எல்லோரையும் நடத்துபவர் சிறுமுரசுக்காரர். கருவியைத் தொடும் முன் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகுங்கள்: "சாங்" பெரிய தட்டு, "தாய்" சிறிய தட்டு, "சாய்" சல்லரி. நடிகர்களும் சேர்ந்து சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடிகர் நின்ற பிறகு அடி விழும், அல்லது அடி விழுந்த பிறகு நடிகர் நிற்பார். பெரிய தட்டு சின்னக் கூடத்தில் பேச்சை விழுங்கிவிடும். அடித்தவுடன் உள்ளங்கையால் அணைக்கப் பழகுங்கள்.

மேடைப் பொருள்

ஒரு மேசை, இரண்டு நாற்காலி. அவ்வளவுதான். மேசையே நீதிமன்றம், குன்று, படுக்கை.

மூன்று சபதங்களில் முதலாவது: தலை விழும்போது ரத்தம் ஒரு சொட்டுகூட மண்ணில் விழாமல், கொடிக்கம்பத்தில் கட்டிய பன்னிரண்டு சீன அடி வெள்ளைப் பட்டின்மேல் ஏற வேண்டும். ஏறக்குறைய நான்கு மீட்டர் துணி. சிவப்புச் சாயம் தெளிப்பது வேண்டாம். அது கீழே வழியும், சபதமோ மேலே போவது. வெள்ளைத் துணிக்குப் பின்னால் கையகலச் சிவப்புப் பட்டை ஒன்றை மெல்லிய நூலில் கட்டி, மேல் கம்பியில் மாட்டிய சிறு கப்பி வழியாக மெதுவாக இழுங்கள். விளக்கு பின்னாலிருந்து வர வேண்டும். வெள்ளைத் துணி கனமாக இருந்தால் சிவப்பு தெரியாது. இருட்டில் சோதித்து வாங்குங்கள்.

இரண்டாவது, ஆறாம் மாதக் கோடையில் மூன்றடிப் பனி. காகிதப் பனியில் மூன்று ஆபத்து: தரை வழுக்கும், பாடுபவர் வாய்க்குள் போகும், விளக்குச் சூட்டில் தீப்பிடிக்கும். தீத்தடுப்புப் பூசிய காகிதம்தான் வாங்க வேண்டும். நீளத் துணித்தொட்டிலில் கீறல் போட்டு இரண்டு கயிற்றில் தொங்கவிட்டு, ஒரு கயிற்றை ஆட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக விழும். கொட்டினால் பார்வையாளர் காகிதத்தைப் பார்ப்பார். முதல் பத்து விநாடி நாலைந்து துண்டு மட்டும் விழட்டும், கொலைக்களக் காவலர் அண்ணாந்து பார்க்கட்டும். அவர் பார்த்தால்தான் அது பனி. அந்தக் காட்சிக்குப் பிறகு சுற்று நடை வைக்காதீர்கள்.

பிரதி பார்ப்பவர், மீண்டும்

முடிவு பற்றி. நான்காம் அங்கத்தில் ஆவி வருவது பழசாகத் தெரிகிறது என்று பலர் மூன்றாம் அங்கத்தோடு நிறுத்துகிறார்கள். மிங் காலத்திலேயே இந்தக் கதையைத் தழுவிய "பொன்பூட்டு" அவளைச் சாகவிடாமல் காப்பாற்றியது. பிரான்சிஸ் யா-சூ கௌஹிக் 2017இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்கு எழுதிய தழுவல் கதையை இன்றைய தொழிற்சாலை நகரத்துக்குக் கொண்டுபோனது, ஆனால் ஆவியை வைத்துக்கொண்டது. அதுவே சரி என்பது என் எண்ணம். அந்தப் பிரதிக்கு உரிமை வாங்க வேண்டும். குவான் ஹான்சிங்குக்கு வேண்டாம், ஆனால் நீங்கள் பயன்படுத்தும் மொழிபெயர்ப்புக்கு வேண்டியிருக்கலாம்.

ஆவிக்குப் புகையும் பச்சை விளக்கும் தேவையில்லை. செய்முறை மூலத்திலேயே இருக்கிறது. பெரிய அதிகாரியாகத் திரும்பிவந்த தந்தை இரவில் வழக்குக் கட்டுகளைப் படிக்கிறார். மகளுடைய கட்டு மேலே இருக்கிறது; முடிந்துபோன வழக்கு என்று அதை அடியில் வைக்கிறார். விளக்கு மங்குகிறது. திரியைத் தூண்டிவிட்டுத் திரும்பினால் அதே கட்டு மறுபடி மேலே. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஐந்து காகிதக் கட்டு. கட்டை நகர்த்தும் கையைப் பார்வையாளர் பார்க்கலாம், தந்தை மட்டும் பார்க்கக் கூடாது. அவர் முதுகைத் திருப்பித் திரி தூண்ட எட்டு விநாடியாவது வேண்டும். அதைத் தாளக்காரரிடம் சொல்லி எண்ணச் சொல்லுங்கள்.