கழுவினேன், செட்டியாரின் மீசை போய்விட்டது

கொலுப்படி:
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போன மாதம் ஒரு செட்டியார் பொம்மை வாங்கினேன். ஜோடி இல்லை, செட்டியார் மட்டும். 350 சொன்னார்கள், பேரம் பேசி 280. மண் பொம்மை. மூக்கு நுனி உடைந்திருந்தது, மடியெல்லாம் ஒட்டடை. வீட்டுக்கு வந்ததும் நேரே குழாயடிதான். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சால் ஒரே ஒரு இழுப்பு. மீசை கரைந்து கறுப்புத் தண்ணீராகத் தாடையில் இறங்கியது. பின்னாலேயே கண்ணும். குழாயை மூடுவதற்குள் என் கையில் இருந்தது வெறும் செம்மண் முகம்.

மூக்கை எம்-சீல் வைத்துச் சரிசெய்தேன். அக்ரிலிக்கில் ராமர் பச்சைத் துண்டு, மாம்பழ மஞ்சள் மெத்தை, அரக்குச் சிவப்பில் கல்லாப்பெட்டி, எல்லாம் நன்றாகவே வந்தது. கண் மட்டும் வரவில்லை. நாலு தடவை அழித்து எழுதிவிட்டேன். ஒன்று கல்லாவைப் பார்த்தால் இன்னொன்று மின்விசிறியைப் பார்க்கிறது. பழைய முகத்தை ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

காவிரிக்கரை:
எனக்கு ஆனது இதைவிட மோசம். பழைய சாமான் கடையில் கிடைத்த தஞ்சாவூர் நடனப் பொம்மை. பாவாடை, இடுப்பு, தலை தனித்தனியாகக் கம்பியில் உட்காருமே, அதுதான். மகளுக்கு ஊதா பிடிக்கும். ஜன்னலுக்கு அடித்து மீந்த எனாமல் இருந்தது, இரண்டு கோட்டிங் போட்டேன். காய்ந்ததும் அவளைக் கூப்பிட்டு, தட்டிப் பார் என்றேன். தட்டினாள். தலை இடப்பக்கம் ஒரு முறை சாய்ந்தது, அப்படியே நின்றுவிட்டது. கழுத்துக்குள் பெயின்ட் இறங்கிக் கம்பியோடு ஒட்டிப் பிடித்திருக்கிறது. "அப்பா, அவளுக்குக் கழுத்து சுளுக்கிடுச்சா?" என்றாள். இரண்டு வருடமாக டிவி மேல் சுளுக்கோடுதான் நிற்கிறாள்.

உப்புத்தாள்:
முதலில் எழுதியவருக்கு: கழுவியதே தப்பு. காய்ந்த பிரஷால் தூசியைத் தட்டிவிட்டு, ஈரத்துணி முனையால் முதுகுப் பக்கம் லேசாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஏறினால் அது தண்ணீர் வண்ணம், அதோடு நிறுத்திவிட வேண்டும். ஊதா நண்பருக்கு: நடனப் பொம்மையைத் தனித்தனியாகக் கழற்றி, துளைகளில் நெருப்புக்குச்சி செருகிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அதுவும் கதவு, ஜன்னல் எனாமல் வேண்டவே வேண்டாம். கனம். அக்ரிலிக்கில் மெல்லிசாக இரண்டு கை போதும்.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மரச் சாமான் என்றால் பெயின்ட்டைக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள், தூசி மூக்கில் போகும். வாட்டர் பேப்பரை, அதாவது தண்ணீரில் ஊறாத உப்புத்தாளை, நனைத்துத் தேயுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். மண்ணையும் காகிதக் கூழையும் தேய்க்கவே வேண்டாம். கண்ணுக்கு 00 நம்பர் பிரஷ், மிக மெல்லிசானது. முதலில் இரண்டு கருவிழியையும் ஒரே உயரத்தில் புள்ளி வைத்துவிட்டு அப்புறம் விளிம்புக்குப் போங்கள். ஒரு கண்ணை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் இப்படித்தான் மாறுகண் வரும்.

என் கதையா? மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஒற்றை மரப்பாச்சிக்கு மஞ்சள் அடித்தேன். மாமியார் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

ஒன்பதாம் படி:
மரப்பாச்சிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தவரா எங்களுக்கு வகுப்பு எடுக்கிறீர்கள்? அது செம்மரம் ஐயா. வருடா வருடம் ஒரு பட்டுத் துண்டைச் சுற்றிவிட்டால் முடிந்தது அதற்கு அலங்காரம். உங்கள் மாமியார் பொறுமைசாலி.

உப்புத்தாள்:
அது செம்மரமே இல்லை, ஏதோ மட்ட மரத்துக்குச் சாயம் ஏற்றியது. தேய்த்தபோது உள்ளே வெள்ளையாக இருந்தது. அதனால்தான் அடித்தேன்.

ஒன்பதாம் படி:
அதை மாமியாரிடம் சொன்னீர்களா?

மதுரைத் திண்ணை:
சண்டைக்கு நடுவில் என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். மரக்குதிரை, முழங்கை உயரம், சிவப்பு எனாமல் அப்பிக் கிடந்தது. சுரண்டினேன். சிவப்புக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே ஒரு வெளுத்த நீலம். வயிற்றுப் பக்கம் கத்தியால் கீறிய இரண்டு எழுத்து. பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே, அதுபோல. பிள்ளை கீறியதா பெரியவர் கீறியதா தெரியவில்லை, கோணலாக இருந்தது. குதிரைக்கு ஆரஞ்சு உடம்பும் வெள்ளைப் பிடரியும் அடித்தேன். அந்த உள்ளங்கை அகலத்தை மட்டும் நீலமாகவே விட்டேன். வருகிறவர்கள் எல்லாம் "இங்கே பெயின்ட் தீர்ந்துவிட்டதா?" என்று கேட்கிறார்கள்.

கொலுப்படி:
எல்லோருக்கும் நன்றி. கழுவியது தப்புதான், அதைப் பத்து வரியில் சொல்லியிருக்க வேண்டாம். புள்ளி வைக்கிற யோசனையை நேற்று இரவு செய்து பார்த்தேன், ஐந்தாவது முறையும் கோணல். கடைசியில் இரண்டு கண்ணையும் அழித்துவிட்டு, இமை மூடிய மாதிரி ஆளுக்கொரு வளைகோடு. மீசை அதுவாக நன்றாக அமைந்துவிட்டது. காலையில் அம்மா பார்த்துவிட்டு, "கல்லாவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கறாரே இந்த மனுஷன்" என்கிறாள்.