புதுப்பிப்பு: அம்மாவின் ஈறு இரத்தக்கசிவு

பல் துலக்கும்போதெல்லாம் அம்மாவுக்கு ஈறில் இரத்தம் கசிகிறது, ஈறும் தடித்துப் பல்லை மூடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். நெல்லிக்காய், உப்பு நீர், கிராம்பு எண்ணெய் என்று பலரும் சொன்னீர்கள், நன்றி.

பல் மருத்துவர் வாயைப் பார்ப்பதற்கு முன்பே மருந்துச் சீட்டைக் கேட்டார். இரத்த அழுத்தத்துக்கு அம்மா சாப்பிடும் அம்லோடிபின், சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்குமாம். தடித்த ஈறின் இடுக்கில் அழுக்கு படிந்து காரையாக இறுகிவிட்டால் எந்த பிரஷும் அதை எடுக்காது. அழற்சியும் இரத்தமும் அங்கிருந்துதான். சர்க்கரையும் பார்க்கச் சொன்னார், சரியாகவே இருந்தது.

காரையைச் சுத்தம் செய்தாயிற்று. ‘சுத்தம் செய்தால் பல் ஆடும்’ என்று பயமுறுத்திய அத்தையின் கவனத்துக்கு: ஆடவில்லை. காரை அடைத்திருந்த இடைவெளி வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

மாத்திரையை நாங்களாக நிறுத்தவில்லை. அதை எழுதிக் கொடுத்த மருத்துவரே வேறொன்றுக்கு மாற்றினார். மென்மையான பிரஷ், இரவிலும் துலக்கல், பல்லிடுக்குக்குத் தனியாகச் சிறு பிரஷ். இரத்தம் வந்தாலும் துலக்குவதை விடக்கூடாது என்று அம்மாவை நம்பவைப்பதுதான் பெரும்பாடு. இப்போது கசிவு நின்றுவிட்டது, தடிப்பு மெல்லக் குறைகிறது. குறையாத இடத்தில் ஈறைச் சிறிது வெட்டிச் சீராக்க வேண்டியிருக்கலாம். அடுத்த மாதம் பார்த்துச் சொல்வதாக மருத்துவர் கூறியிருக்கிறார்.