பி.எம்.டபிள்யூ எக்ஸ்1 கார் எடுக்கிறேன், கூடுதல் வாரண்டி இப்பவே போடணுமா?

சென்னை வேளச்சேரியில் இருக்கிறேன். அப்பாவுக்கு முட்டி வலி, தாழ்வான செடானில் ஏறி இறங்கச் சிரமப்படுகிறார். பி.எம்.டபிள்யூ எக்ஸ்1, மெர்சிடிஸ் ஜி.எல்.ஏ. இரண்டிலும் உட்காரவைத்துப் பார்த்தேன். எக்ஸ்1 என்றதும் அவர் முகமே மலர்ந்துவிட்டது. ஆனால் அதற்கு 2 வருஷ வாரண்டிதான், ஜி.எல்.ஏ.வுக்கு 3. வருஷம் 8,000 கி.மீ. ஓட்டுவேன், 7 வருஷம் வைத்திருப்பேன். என்ன செய்யலாம்?

பதில் 1: 7 வருஷம் என்றால் போட்டுவிடுங்கள் சார். என் பழைய காரில் வாரண்டி முடிந்த ஐந்தாம் மாதம் கியர்பாக்ஸ் போனது. பில்லைப் பார்த்து இரண்டு நாள் தூக்கமில்லை.

பதில் 2: பிரேக் பேட், வைப்பர், டயர் எல்லாம் கூடுதல் வாரண்டியில் வராது. தயாரிப்பாளரே தரும் திட்டமா, ஷோரூம் வழியாக வேறொருவர் தருவதா என்று தாளில் பாருங்கள். அப்புறம், வேளச்சேரி என்கிறீர்கள். மழைத் தண்ணீர் எஞ்சினுக்குள் போனால் எந்த வாரண்டியும் கைகொடுக்காது. இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்கணும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் பலர் அது இல்லாமல் தவித்தார்கள்.

கேட்டவர்: எஞ்சின் பாதுகாப்பை நான் யோசிக்கவே இல்லை, ரொம்ப நன்றி. சனிக்கிழமை ஷோரூமில் திட்டத்தின் தாளை முழுசாக வாங்கிப் படித்துவிட்டுத்தான் முன்பணம் கட்டுவேன்.