நிலவரமும் செயற்குறிப்பும்: குபெர்நெட்டீஸ் சேவைகளுக்கான இரு சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டை மாணவர்களுக்காக எழுதிவரும் குபெர்நெட்டீஸ் (பல கணினிகளில் நிரல்களை இயக்கி மேலாளும் மென்பொருள்) கையேட்டில், சேவைகளின் ஸ்டேட்டஸையும் (அப்போதைய நிலைமை) லாகையும் (இயங்கும்போது நிரல் எழுதிவைக்கும் வரிகள்) பார்க்கும் பகுதிக்கு உறுதியான சொற்கள் வேண்டும். ஒன்றாக இயங்கும் கணினிகளின் கூட்டமான கிளஸ்டருக்குத் ‘திரள்’ போதும். நிரலை அதற்குத் தேவையானவற்றுடன் அடைத்து இயக்கும் கன்டெய்னர் என்றதும் எண்ணூர் விரைவுச்சாலை லாரிகளின் இரும்புப் பெட்டியை நினைக்கும் பிள்ளைகளுக்குக் ‘கொள்கலன்’ என்ற சொல்லும் எளிதில் பிடிபடும்.

ஸ்டேட்டஸை ‘நிலை’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாம் எழுதிக் கொடுக்கும் வேண்டிய நிலையையும் திரளில் அப்போது உள்ளதையும் ஓயாமல் ஒப்பிட்டுச் சரிசெய்வதே குபெர்நெட்டீஸின் அடிப்படை வேலை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் பாடத்தின் உயிர்நாடியே மறைந்துவிடும். காசிமேட்டில் மீன்விலை நிலவரம் கேட்பதைப் போல, கேட்கும் நேரத்தில் உள்ளதைச் சொல்லும் ‘நிலவரம்’ இங்கே சரியாகப் பொருந்துகிறது.

லாகுக்குப் ‘பதிவு’ என்பது இன்னும் சிக்கலானது. திரளின் ஒவ்வொரு கணினியிலும், அதாவது கணுவிலும், ஓடும் கூபெலெட் என்ற முகவர் நிரல் தன் கணுவை ஏபிஐ சர்வரிடம் (திரளின் மையக் கட்டுப்பாட்டு நிரல்) பதிவு செய்கிறது; அது தோற்றால் ‘பதிவு பற்றிய பதிவு’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். ‘நிகழ்பதிவு’ அழகான சொல்தான், ஆனால் குபெர்நெட்டீஸில் ‘நிகழ்வு’ (ஈவென்ட்) என்பது திரளில் நடப்பதைத் தெரிவிக்கும் வேறொரு வகைத் தகவல். இயல்பமைப்பில் அது 1 மணி நேரமே சேமிக்கப்படுவதால், நிகழ்வுகள் மறைந்ததைக் கண்ட மாணவர் லாகும் அழிந்துவிட்டதாக எண்ணக்கூடும். எனவே, இயங்கும் நிரல் தன் செயலைத் தானே குறித்துவைப்பது என்ற பொருளில் ‘செயற்குறிப்பு’ என்பதை முன்மொழிகிறேன். மறுதொடக்கத்துக்கு முன் ஓடிய கொள்கலனுடையதை ‘முந்தைய செயற்குறிப்பு’ என்று தடையின்றி எழுதலாம்.

கையேட்டில் இப்படி வரும்: “கணு ‘தயாராக இல்லை’ என்று காட்டினால், அதனுள் நுழைந்து, சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் கூபெலெட்டின் நிலவரத்தை அறிந்து, ஜர்னல்சிடிஎல் கட்டளையால் அதன் செயற்குறிப்பைப் படிக்கவும்.” கூபெலெட் பொதுவாகக் கொள்கலனுக்குள் அன்றி, கணுவின் இயங்குதளச் சேவையாக ஓடுவதாலும், கியூப்சிடிஎல் என்ற குபெர்நெட்டீஸ் கட்டளைக் கருவி காட்டும் கொள்கலன் செயற்குறிப்புகளே கூபெலெட் வழியாகத்தான் வந்துசேர்வதாலும், அது நின்றுபோனால் கணுவுக்குள் சென்று பார்ப்பதே வழி. இவ்வளவு நுணுக்கமான இடத்தில் சொல் வழுக்கினால் மாணவர் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

‘குறிப்பு’ என்பது சுருக்கத்தை உணர்த்துகிறது என்ற மறுப்பு எழலாம். ஒவ்வொரு வரியும் நேரமுத்திரையுடன் கூடிய தனிக்குறிப்பே என்பதால் எனக்கு அது தடையாகத் தோன்றவில்லை. இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால், மேற்கண்ட கையேட்டு வாக்கியத்திலேயே அமைத்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.